ரெண்டு லட்சத்தை ஜீப்பில் எங்கே போடுவது?

சித்தப்பா மகன் தேவகோட்டையில் இருக்கிறான். 2013-ல் பதிவான பழைய மஹிந்திரா தார் ஒன்றைக் கைமாற்றி வாங்கி எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் வீட்டுக்கு வந்தவன் காப்பி ஆறும் வரைகூடப் பொறுக்கவில்லை. "அண்ணே, கையில ரெண்டு லட்சம் இருக்கு. வண்டியத் தூக்கிக் கட்டி, மட் டயர் போட்டு, முன்னாடி கயிறு சுத்தி இழுக்குற மோட்டார் விஞ்சு ஒண்ணு வச்சுறவா? இல்ல, இதத் தள்ளிவிட்டுட்டு மேல கடன் போட்டு மாருதி ஜிம்னி எடுத்துறவா?"

அவன் கேட்டது ரெண்டு வழி. நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: உயரத்தைத் தொடாமல் டயர், கயிறு, கிரீஸ், ஆயில் என்று செலவழிப்பது. கேட்டதும் அவன் முகம் சுண்டிவிட்டது. கிரீஸ் போட்ட வண்டியைப் படம் எடுத்துப் போட முடியாதே.

எதைப் பூட்டலாம் என்று பேசுவதற்கு முன்னால் எங்கே ஓட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். கைப்பேசியில் நாம் பார்க்கிற வண்டிகள் லடாக்கிலும் குடகிலும் ஏறுகின்றன. செட்டிநாடு தட்டை நிலம். காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் செம்மண், செம்புறாங்கல் சரளை, தைலமரக் காட்டுக்குள் போகும் வண்டித்தடம், மழை இல்லாத மாதங்களில் மணலாகக் கிடக்கும் தேனாறு, மணிமுத்தாறு, விருசுழி ஆறு, அப்புறம் அடிக்கு ஒரு கண்மாய். பாறையும் ஏற்றமும் வேண்டுமானால் மேற்கே பிரான்மலைப் பக்கம் போனால்தான் உண்டு, அங்கும் காப்புக்காட்டுக்குள் வண்டியை விட முடியாது. இந்த ஊரில் வண்டிக்கு எதிரிகள் மூன்று: சீமைக்கருவேல முள், செம்மண் தூசி, மேலே காய்ந்து உள்ளே ஈரம் வைத்திருக்கும் கண்மாய் வண்டல். உயரம் போதாமல் நின்ற வண்டியை நான் இங்கே பார்த்தது குறைவு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சுற்றை மீட்டரில் குறித்து வைத்தேன். மொத்தம் 84 கி.மீ. அதில் மண் தடம் 17. மிச்சமெல்லாம் தார் ரோடு. வண்டியில் எதை மாற்றினாலும் அந்த 67 கிலோமீட்டரையும் அதோடுதான் ஓட்டியாக வேண்டும்.

தூக்கிக் கட்டுவதிலிருந்து தொடங்குகிறேன், அவனுக்கு ஆசை அதில்தான். ரெண்டு இஞ்சு லிஃப்ட் என்றால் வண்டி ரெண்டு இஞ்சு உயரும் என்று நினைக்கிறோம். பாடி உயரும், சேசிஸ் உயரும். பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் ஹவுசிங் உயராது. பின் அச்சு நேராகச் சக்கரத்தோடு சக்கரமாக நிற்கிறது, ஸ்பிரிங் பிளேட்டுக்கு மேல் எவ்வளவு தூக்கினாலும் அந்தக் குண்டுப் பகுதி தரையிலிருந்து அதே தூரத்தில்தான் தொங்கும். கல்லில் முதலில் இடிப்பதும் அதுதான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் பாதிதான் கிடைக்கும். இவன் வண்டியில் வந்த டயர் 235/70 ஆர் 16, விட்டம் சுமார் 735 மி.மீ. அடுத்து எல்லாரும் போடுகிற 245/75 ஆர் 16 சுமார் 774. வித்தியாசம் 39, அதில் பாதி, அதாவது இருபது மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் ஹவுசிங் உயரும். அதற்கு விலையாக ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் போகும், கிளச்சுக்கும் பிரேக்குக்கும் வேலை கூடும்.

முன்பக்கம் கதை வேறு. இந்தப் பழைய தாரில் முன்னால் டார்ஷன் பார், ஸ்பிரிங் வேலையை முறுக்கிக்கொண்டு செய்யும் இரும்புக் கம்பி. அதன் போல்ட்டை முறுக்கினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, பத்து நிமிட வேலை. அதனால்தான் பட்டறையில் "சும்மா ஏத்திவிட்டுர்றேன் தம்பி" என்பார்கள். ஏற்றிய பிறகு சக்கரம் குழிக்குள் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் போய்விடும், அதனால் ஒரு சக்கரம் சீக்கிரமே காற்றில் தொங்கும். உள்ளே ஆக்ஸில் ஜாயின்ட்டின் கோணம் கூடி, அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும். பூட் கிழிந்த ஜாயின்ட்டுக்குள் செம்மண் போனால் அது அரைக்கிற சத்தம் தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வருவதற்குள் கேட்டுவிடும். வளைவில் சாய்வதும் கூடும். இவன் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போவதும் இதே வண்டியில்தான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும் என்று இருக்கிறது. முன்னால் குழாய் வைத்த புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே தடை. "எல்லாரும் போட்டுத்தானண்ணே ஓட்டுறாங்க" என்றான். ஓட்டுகிறார்கள். ஆனால் 2013 வண்டிக்கு 2028-ல் பதினைந்து வருடம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க அதைக் கொண்டுபோய் அதிகாரி முன் நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க முடியும். தூக்கிக் கட்டுவதைப் பற்றி இதற்கு மேல் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

டயருக்கு வருவோம். நியாயமான சண்டை இங்கேதான்.

மட் டயர் களிமண்ணுக்கு என்றே வெட்டியது. கட்டைகளுக்கு நடுவே அகலமான இடைவெளி, சுழலும்போது சேறு தானாக உதறி விழும். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த வண்டலில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் நாம் அந்த மாதங்களில் கண்மாய்க்குள் இறங்கவே கூடாது, அப்போதுதான் அதில் தண்ணீர் வருகிறது. ஈரமான கரையில் சக்கரம் பதித்துவிட்டு வந்தால் ஊர்க்காரர்கள் திட்டுவது நியாயம். ஆக அந்த டயர் எந்த வேலைக்குப் பிறந்ததோ அந்த வேலை நமக்கு வருடத்தில் சில நாள்தான். மிச்ச நாளெல்லாம் தார் ரோட்டில் வண்டு மாதிரி முனகிக்கொண்டு வரும், நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும், சீக்கிரம் தேயும்.

ஏ.டி. டயர், அதாவது ஆல் டெரைன், மட் டயருக்கும் சாதா ரோட்டு டயருக்கும் நடுவில் நிற்கிறது. சரளையிலும் காய்ந்த செம்மண்ணிலும் கச்சிதமாகப் பிடிக்கும், ஆற்று மணலில் மட் டயரைவிட நல்லது. மணலில் மட் டயரின் கட்டைகள் குழிதான் தோண்டும். இந்த ஊருக்கு ஏ.டி.தான், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. வாங்கும்போது பக்கச்சுவர் கனமாக இருக்கிறதா என்று பார். சீமைக்கருவேல முள் மிதிபடும் இடத்தில் ஏறினால் பஞ்சர் கிட் வைத்து ஐந்து நிமிடத்தில் அடைத்துவிடலாம். பக்கச்சுவரில் ஏறினால் ஸ்டெப்னிதான். முள்வெட்டிப் போட்டிருக்கும் தடத்தில் டயரின் விலாவை உரசிக்கொண்டு திரும்பாதே என்பதை எந்தக் கடையும் விற்காது, நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டும். அளவு? ஆர்.சி.க்கும் தயாரிப்பாளர் சொன்னதற்கும் ஒத்த அளவே போதும்.

டயர் எதுவானாலும் அதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. காற்றை இறக்குவது. ரோட்டில் 30 பி.எஸ்.ஐ. வைத்திருக்கிற டயரை மணலில் 18-க்கு இறக்கினால் தரையில் படும் தடம் நீளும், எடை பரவும், சக்கரம் தோண்டுவதை விட்டுவிட்டு மிதக்கும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காற்று குறைவாக இருக்கும்போது முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓட்டக்கூடாது. திரும்ப ரோட்டுக்கு வந்ததும் அடைக்க, பேட்டரியில் மாட்டும் நல்ல கம்ப்ரஸர் ஒன்று வேண்டும். சிகரெட் லைட்டரில் செருகுகிற பொம்மை கம்ப்ரஸர் வேண்டாம், இந்த டயர் நாலையும் நிரப்புவதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.

விஞ்சைப் பற்றி நான் சொல்வதை அவன் நம்பவில்லை. அதனால் என் கதையைச் சொன்னேன். ரெண்டு வருடம் முன்னால், மாசி மாதம், திருமயத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கண்மாய். தண்ணீர் நிற்கும் உள்வாய் முழுக்க வெடித்துக் காய்ந்திருந்தது, பார்த்தால் சிமெண்டுத் தரை மாதிரி. நடுவில் போனதும் மேல்தோல் உடைந்து நாலு சக்கரமும் அச்சு வரை இறங்கிவிட்டது. கூட வந்த நண்பர் வண்டியில் விஞ்சு இருந்தது. அவர் பக்கத்தில் வர முடியாது, வந்தால் அவரும் இறங்கிவிடுவார். என் வண்டியிலேயே விஞ்சு இருந்திருந்தாலும் எதில் கட்டுவது? உள்வாயில் மரம் ஏது? கையளவு கருவேலங்கன்றுகள்தான். கண்ணுக்குத் தெரிந்த நல்ல மரம் கரைமேல் ஒரு இலுப்பை, இருநூறு மீட்டர் தள்ளி. விஞ்சுக் கயிறு முப்பது மீட்டர்கூட வராது. கடைசியில் பக்கத்து ஊர் டிராக்டர் வந்தது. அந்தப் பெரியவர் இறங்கி, வண்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "மாடு எறங்காத எடத்துல வண்டிய எறக்கலாமா தம்பி?" சுற்றிலும் பார்த்தேன். மாட்டுத் தடம் எல்லாமே ஓரமாகச் சுற்றித்தான் போயிருந்தது. அன்றிலிருந்து குளம்புத் தடம் எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் உள்வாயில் இறங்குவதில்லை.

விஞ்சு கெட்ட சாமான் இல்லை. மலைக்காட்டில், மரம் இருக்கும் இடத்தில், தனி வண்டியாகப் போகிறவருக்கு அது உயிர். இங்கே அதோடு கூடவே கனமான பம்பரும் வரும், முன் சஸ்பென்ஷன் அழுந்தும், பேட்டரி பெரிதாக வேண்டும், கவனிக்காமல் விட்டால் தேவைப்படும் அன்று மோட்டார் சுற்றாது. அந்தக் காசில் பத்தில் ஒரு பங்குக்கு இழுபட்டு நீளும் நைலான் கயிறு ஒன்று, கயிற்றைப் பூட்டும் நல்ல இரும்பு ஷேக்கிள் ரெண்டு, மண்வெட்டி, கடப்பாரை வாங்கிவிடலாம். கூட ரெண்டாவது வண்டி ஒன்று வர வேண்டும், அவ்வளவுதான். கயிற்றைச் சேசிஸில் உள்ள கொக்கியில் மட்டும் மாட்டு. டிரெய்லர் இழுக்கும் குண்டில் மாட்டினால் அது உடைந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், ஆள் செத்திருக்கிறார்கள். இழுக்கும்போது கயிற்றின் மேல் நனைத்த சாக்கு ஒன்றைப் போடு, பக்கத்தில் யாரையும் நிற்க விடாதே. சக்கரத்துக்கு அடியில் கொடுக்கப் பிளாஸ்டிக் பலகை விற்கிறார்கள். தென்னை மட்டையும் அந்த வேலையைப் பாதி செய்யும். பனை மட்டை வேண்டாம், கருக்கு டயரைக் கீறும்.

எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றும் ஸ்நார்க்கல் பற்றி ஒரே வரி: தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது வண்டி நிற்பது மூச்சு முட்டி அல்ல, மிதந்து. முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் போதும், ஸ்நார்க்கலோடு சேர்த்தே அடித்துக்கொண்டு போகும்.

ஆனால் தண்ணீருக்காகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது மேலே உள்ள சின்ன மூச்சுக்குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த மூச்சுக்குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினால் முடிந்தது. சில நூறு ரூபாய் வேலை. நான் அதைச் செய்யாமல் விட்டேன். மேலே சொன்ன கண்மாய்க்குப் பிறகு ஒரு மாதம் கழித்து ஹவுசிங் ஆயிலை இறக்கினால் பால் தாராளமாக ஊற்றிய காப்பி மாதிரி வந்தது. பேரிங் போய்விட்டது. அந்தச் செலவில் நாலு ஏ.டி. டயரில் ஒன்றரை டயர் வாங்கியிருக்கலாம்.

அடுத்தது புது வண்டி. இதில் ஆசையைக் குறைசொல்ல முடியாது. ஜிம்னி 2023-ல் வந்தது. எடை சுமார் 1,200 கிலோ, தரை இடைவெளி 210 மி.மீ., முன்னும் பின்னும் நேர் அச்சு, மெதுவாகப் பலமாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியர் எல்லா மாடலிலும் உண்டு. எடை குறைவு என்பதுதான் இதன் பெரிய பலம். அந்தக் கண்மாயில் என் வண்டி உடைத்த மேல்தோலை இது உடைக்காமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. பெட்ரோல். 2020-ல் வந்த புதுத் தார் இன்னும் கனம், ஆனால் 226 மி.மீ. இடைவெளி, 650 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்று கம்பெனியே சொல்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனி: 2023 முதல் பின் சக்கரம் மட்டும் ஓடும் தாரும் விற்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே ஃபோர் வீல் போடுவதற்கு என்று ரெண்டாவதாக ஒரு கியர்க் கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடு.

டீசல் எடுப்பதாக இருந்தால் இன்னொன்று. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது நிறைந்ததும் தன்னைத்தானே சூடாக்கிக் கரியை எரித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் காய்ந்த கோரைப்புல் மேல் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போனால், திரும்பி வரும்போது படம் எடுக்க வேறு ஏதாவது இருக்கும். பழைய வண்டிக்கும் அடியில் புல் சிக்கி சைலன்சரில் பற்றலாம். பங்குனிக்கு மேல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து பார்ப்பது நல்லது.

பழைய மாருதி ஜிப்சி? நண்பர்கள் எல்லாரும் சொல்வார்கள். லேசு, எளிமை, எந்தப் பட்டறையிலும் பிரிக்கலாம். ஆனால் தயாரிப்பு நின்று வருடங்கள் ஆகின்றன, நல்லதாகக் கிடைப்பதற்குள் நாலு துருப்பிடித்ததைப் பார்க்க வேண்டும். நல்ல தார் கையில் இருக்கும்போது அந்தத் தேடல் எதற்கு?

புது வண்டிக்கு எதிராக நான் சொல்வது ஒன்றுதான். தவணை கட்டுகிற வண்டியை யாரும் கருவேலங்காட்டுக்குள் விட மாட்டார்கள். முதல் முள் கோடு விழுந்த அன்று மனது உடையும், ரெண்டாவது மாதம் அது மால் வாசலில் நிற்கும். பழைய தாரில் ஏற்கெனவே கோடு இருக்கிறது.

ஆக மூன்றாவது வழி, பராமரிப்பு. காசு குறைவு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வேண்டும். செம்மண் தூசி மாவு மாதிரி, ஏர் ஃபில்டரைத்தான் முதலில் அடைக்கும். ஃபில்டரை உள்ளிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய், கழுவாதே. அதற்கு அப்பால் எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவு. விரலில் சிவப்பு ஒட்டினால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அன்றைக்கே கண்டுபிடி. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே புல் விதை அடைத்திருக்கும், பின்பக்கமிருந்து லேசாகத் தண்ணீர் பீய்ச்சு. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸில் நிப்பிள் இருக்கும் இடத்தில் பழைய கிரீஸ் பிதுங்கி வரும் வரை கிரீஸ் அடி. பின் பிரேக் டிரம்மைக் கழற்றினால் ஒரு கைப்பிடி மண் கொட்டும், அது ஷூவைத் தின்றுகொண்டிருக்கும். மாதம் ஒரு தரம் மண்ணில் ஃபோர் வீல் போட்டு ரெண்டு கிலோமீட்டர் ஓட்டு, போடாமலே வைத்தால் போடும் அன்று விழாது. தார் ரோட்டில் மட்டும் போடாதே, முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு எதையாவது உடைக்கும்.

தொண்டிப் பக்கம் போய் வந்தால் மறுநாளே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும், உப்புக்காற்று சேசிஸ் மடிப்புகளில் உட்கார்ந்துவிடும். அரிமானத்தை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது. அதன் வாசல் வழியாகவே துரு கொட்டக் கொட்ட எத்தனை ஜீப்பு போகிறது என்று எண்ணினால் சிரிப்பு வரும்.

அடியில் இரும்புத் தகடு ஒன்று போடலாம் என்று நானே சொன்னேன். எஞ்சின் சம்ப்பைச் சரளைக்கல் தட்டாமல் இருக்கும். போட்டால் ஆயில் இறக்கும் இடத்தில் துளை இருக்க வேண்டும், மண்ணை அள்ளிச் சேர்க்காத மாதிரி பின்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

ரெண்டு லட்சத்தைக் கடைசியில் இப்படிப் பிரித்தோம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து ஏ.டி. டயர், கம்ப்ரஸர், பஞ்சர் கிட், கயிறு, ஷேக்கிள், மண்வெட்டி. முன்னும் பின்னும் ஹவுசிங் ஆயில், கியர் ஆயில், மூச்சுக்குழாய் டியூப், பிரேக் ஷூ, தேய்ந்த புஷ் எல்லாம் மாற்ற ஒரு தொகை. அடித்தகடு. எல்லாம் போகப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் மிஞ்சுகிறது.

அந்த மிச்சத்தை விஞ்சுக்கு என்று அவன் எழுதி வைத்திருக்கிறான். அவன் வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, நான் அதைக் கிளச்சுக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன்.